இன்னும் கொஞ்சம் இடது பக்கம்

தொண்ணூறுகளில் தென் மாவட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். மொட்டை மாடியில் அண்ணன் ஆன்டெனா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பான். வாசலில் நின்று தங்கை கத்துவாள்: "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்... ஐயோ, போச்சு, பழைய இடத்துக்கே திருப்பு!" இலங்கை டிவியான ரூபவாஹினிக்கு ஒரு திசை, கொடைக்கானல் ஒளிபரப்புக்கு ஒரு திசை. திருப்புகிறவனுக்குப் படம் தெரியாது; படத்தைப் பார்ப்பவளுக்குக் கம்பம் எட்டாது. செயற்கைக்கோளை நோக்கி போனைத் திருப்பும் கதையும் ஏறத்தாழ இதேதான். கீழே நின்று சொல்லும் அந்தக் குரல் யாருடையது என்பதுதான் இந்த முப்பது ஆண்டுகளில் மாறியிருக்கிறது.

1991 வளைகுடாப் போரின்போது பாக்தாத்திலிருந்து சிஎன்என் செய்தியாளர் பீட்டர் ஆர்னெட் உலகத்தோடு பேசியது இன்மார்சாட் அமைப்பின் செயற்கைக்கோள் போனில். கப்பல்களின் பாதுகாப்புக்காக 1979இல் தொடங்கப்பட்ட அமைப்பு அது. அதன் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால், பார்ப்பவருக்கு அவை வானில் ஒரே இடத்தில் நிற்கும். நகராத ஒன்றைக் குறிபார்ப்பது சுலபம் என்று தோன்றும். பழக்கமில்லாதவருக்கு அது சுலபமாக இருந்ததில்லை.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் அந்தப் போன் மடிக்கணினி அளவுக்குச் சுருங்கியது. அதன் மூடிதான் ஆன்டெனா. முதலில் வரைபடத்தைப் பார்த்து, நாம் நிற்கும் இடத்திலிருந்து செயற்கைக்கோள் எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் என்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்துமாக் கடலுக்கு மேலிருந்த கோள் சென்னையிலிருந்து பார்த்தால் தென்மேற்கில், ஏறக்குறைய 65 டிகிரி உயரத்தில் இருக்கும். பிறகு காம்பஸை வைத்துப் பெட்டியைத் திருப்பி, மூடியை அந்தச் சாய்வுக்குத் தூக்கி, மயிரிழை மயிரிழையாக நகர்த்த வேண்டும். சிக்னல் கூடக் கூடத் திரையில் கோடு நீளும். சில கருவிகளில் ஒலியும் மாறும். அந்த ஒலிதான் வாசலில் நின்ற தங்கை. அவசரத்தில் கார் பானட்டின் மேல் பெட்டியை வைத்துவிட்டால் இரும்பு காம்பஸை இழுத்துவிடும், மொத்தக் கணக்கும் தப்பும். இதற்கெல்லாம் பயிற்சி வேண்டும், நிதானம் வேண்டும். உயிருக்குப் போராடுபவரிடம் இருக்காதவை இந்த இரண்டும்.

1998 நவம்பரில் வந்த இரிடியம் என்ற செயற்கைக்கோள் போன் இந்தச் சிரமத்தைக் குறைத்தது. 780 கிலோமீட்டர் உயரத்தில் 66 கோள்கள். தடித்த ஆன்டெனாவை நிமிர்த்தி வானத்தைப் பார்த்துப் பிடித்தால் போதும். ஆனால் விலை யானை விலை. ஒன்பதே மாதத்தில் நிறுவனம் திவாலாகி, பிறகு வேறு கைகளில் பிழைத்தது.

எனக்கு உண்மையிலேயே வியப்பாக இருப்பது 2022 நவம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐபோன் 14இல் வந்த அவசர உதவி வசதிதான். வெளியே நீட்ட ஆன்டெனா கிடையாது. அது பேசும் குளோபல்ஸ்டார் கோள்கள் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலே, மணிக்கு 24,000 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுகின்றன. இந்த நிமிடம் வடக்கே இருந்தது கொஞ்ச நேரத்தில் மலைக்குப் பின்னால் போய்விடும். மனிதக் கணக்கு இதற்கு ஈடுகொடுக்காது. எந்தக் கோள் எப்போது எங்கே வரும் என்பது போனுக்கு முன்பே தெரியும். தான் இருக்கும் இடத்தை ஜிபிஎஸ் சொல்லும். எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை உள்ளிருக்கும் உணரிகள் சொல்லும். மூன்றையும் சேர்த்து, இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு என்று திரையிலேயே வழிகாட்டும். என்ன நடந்தது, யாருக்கு அடிபட்டது என்பதை விரலால் தொட்டே பதில் சொல்லிவிடலாம். வானம் திறந்திருந்தால் செய்தி போக 15 விநாடி. மரத்தடி என்றால் ஒரு நிமிடத்துக்கும் மேல். அதனுடன் வரும் அறிவுரைகளில் ஒன்று என் மனதில் நின்றுவிட்டது: கையை உயர்த்திப் பிடிக்க வேண்டாம், இயல்பாகப் பிடித்தால் போதும். தோளெலும்பு முறிந்து கிடப்பவரை நினைத்துப் பார்த்தால்தான் அந்த ஒரு வரியின் அருமை தெரியும்.

அடுத்த மாதமே கலிபோர்னியாவின் ஏஞ்சலஸ் வனப்பகுதியில் ஒரு கார் சாலையிலிருந்து சுமார் 300 அடிப் பள்ளத்தில் உருண்டது. அங்கே செல்போன் சிக்னல் கிடையாது. உள்ளே இருந்த இருவரும் இந்த வழியாகத்தான் செய்தி அனுப்பினார்கள். மீட்புக் குழு ஹெலிகாப்டரில் வந்து தூக்கிச் சென்றது.

இப்போது திருப்பும் வேலையே ஒழிந்துகொண்டிருக்கிறது. 2025 ஜூலையில் அமெரிக்காவில் டி-மொபைல் நிறுவனம் தொடங்கிய சேவையில் ஸ்டார்லிங்க் கோள்கள் 360 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கி வந்து, பெரிய ஆன்டெனாக்களோடு தாங்களே செல் கோபுரமாக நிற்கின்றன. பழைய நிபந்தனை மட்டும் மாறவில்லை: தலைக்கு மேல் வானம் தெரிய வேண்டும்.

வானம் மறைப்பில்லாமல் தெரியும் இடம் கடல். 2017இல் ஒக்கி புயல் அடித்தபோது கன்னியாகுமரி மாவட்டத்து ஆழ்கடல் படகுகள் பல, எச்சரிக்கை வருவதற்கு முன்பே கிளம்பிப் போயிருந்தன. படகில் இருந்தவர்கள் கையில் செல்போன் இருந்தது. "புயல் வருது, திரும்பி வாங்க" என்று கரையில் இருந்தவர்கள் சொன்னது அதில் போய்ச் சேரவில்லை. அதன் பிறகு மீனவர்கள் கேட்டது சாட்டிலைட் போன். கிடைத்தது, இஸ்ரோ வடிவமைத்த டிரான்ஸ்பாண்டர். விசைப்படகில் பொருத்திவிட்டால், அலையில் படகு எப்படி ஆடினாலும் யாரும் எதையும் திருப்ப வேண்டாம். ஆபத்துப் பொத்தானை அழுத்தினால் கரைக்குத் தெரியும், கரையின் செய்தியும் படகுக்கு வரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் விசைப்படகுக்கு இருக்கிற இந்தத் துணை சின்ன வள்ளத்துக்கும் வேண்டும். வள்ளத்தில் போகிறவரும் போன் கொண்டுபோகிறார், நனையாமல் பாலித்தீன் பையில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு. கரை பின்னால் போகப் போக அதில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக அணைகின்றன.