மீன்ல எலுமிச்சம்பழம் எப்போ பிழியணும்?

இன்னைக்கு எபிசோடு, நான் சொதப்பின கதையிலிருந்து ஆரம்பிக்குது.

கடலூர் முதுநகர் துறைமுகத்துல காலையிலேயே ஒரு கிலோ கானாங்கெளுத்தி வாங்கினேன். வெட்டிக் கொடுத்த அக்கா, "ஐஸ் போட்டுக்க தம்பி, வெயில் ஏறுது"ன்னாங்க. சிதம்பரம்தானேன்னு அப்படியே பஸ் ஏறிட்டேன். வழியில புதுச்சத்திரத்துல இறங்கி ஒரு வேலையை முடிச்சிட்டு, நண்பன் ரூமுக்குப் போறப்ப மதியம் ஆயிடுச்சு. பையைத் திறந்தா லேசா வாடை. ரெண்டு எலுமிச்சம்பழம் பிழிஞ்சேன், வாடை போயிடுச்சு. வறுத்துச் சாப்பிட்டு அரை மணி நேரத்துல ரெண்டு பேருக்கும் மூஞ்சி சிவந்து, தலைவலி, உடம்பெல்லாம் அரிப்பு.

என்ன நடந்துச்சுன்னா, மீன் வாடைக்கு முக்கியக் காரணம் டிரைமெத்திலமைன். எலுமிச்சையில இருக்குற சிட்ரிக் அமிலம் அதை உப்பா மாத்திடும். அதனால வாடை மேல எழும்பாது. ஆனா மீன் கெட்டது கெட்டதுதான். கானாங்கெளுத்தி, சூரை மாதிரி மீன்களை வெயில்ல வச்சா, பாக்டீரியா அதுல ஹிஸ்டமைனை உண்டாக்கும். அது எலுமிச்சையிலும் போகாது, கொதிக்கிற எண்ணெயிலும் போகாது. ஐஸ் மட்டும்தான் வழி, அதுவும் வாங்கின நிமிஷத்துலேயே.

சரி, நல்ல மீன் கையில இருக்குன்னு வச்சுப்போம். அரை கிலோவுக்கு 2 ஸ்பூன் மிளகாய்த்தூள், அரை ஸ்பூன் மஞ்சள்தூள், 1 ஸ்பூன் இஞ்சி பூண்டு விழுது, தேவையான உப்பு. இதை முதல்ல தடவி ஃப்ரிட்ஜ்ல வைங்க. எலுமிச்சைச் சாறு கடைசியில, வறுக்குறதுக்கு 15, 20 நிமிஷம் முன்னாடி போதும். ரொம்ப நேரம் விட்டா அமிலமே புரதத்தை இறுக்கிடும். மீன் வெளுத்து, கல்லுல போட்டதும் உதிரும். வெளுத்துட்டதால வெந்துடுச்சுன்னு நினைக்காதீங்க, கிருமி உள்ளேயேதான் இருக்கும்.

சிக்கன் ஒரு மணி, ரெண்டு மணி நேரம் தாங்கும். மட்டனுக்கு எலுமிச்சை ருசிக்கு மட்டும்தான், சாறு மேலாப்புலயே நின்னுடும். மெதுவாகணும்னா கொஞ்சம் பச்சைப் பப்பாளி அரைச்சுப் போடுங்க. அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளிப்பு பட்டா உலோக ருசி வரும். எவர்சில்வரோ கண்ணாடியோ எடுங்க.

ஊறின மசாலா மிச்சமிருந்தா கொட்டிடுங்க, வறுத்த மீன் மேல ஊத்தாதீங்க. புளிப்பு பத்தலையா? புதுசா அரை மூடி பிழிஞ்சுக்கலாம்.