டேங்கர் ஓட்டுநர்மீது வழக்கு வந்தால்

சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாக நாமக்கல்லை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையின் இரு மருங்கிலும் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளும், டயர்க் கடைகளும், வண்டிக்கு எண்ணெழுதும் சிறு கொட்டகைகளும் நிறைந்திருப்பதைக் காணும் பிரயாணி, மானாவாரியை நம்பி வாழ்ந்த இப்பூமி சக்கரத்தை நம்பி வாழத் தொடங்கி வெகுகாலமாகிவிட்டது என்பதை எவரும் சொல்லாமலே அறிந்துகொள்வார். மங்களூரிலும் கொச்சியிலும் எண்ணூரிலும் எரிவாயுவை ஏற்றிக்கொண்டு, தென்னாட்டுச் சமையலறைகளுக்காகச் சிலிண்டர் நிரப்பும் நிலையங்களுக்குச் சுமந்து செல்லும் டேங்கர் லாரிகளின் உரிமையாளர் சங்கம் நாமக்கல்லையே தலைமையிடமாகக் கொண்டது. ஆகவே, அபாயகரமான சரக்கை ஏற்றிச் செல்லும் ஓட்டுநர்மீது வழியில் ஒரு வழக்குப் பதிவானால் அவர் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி இப்பகுதியில் பல குடும்பங்களின் ஜீவனத்தைத் தொடுகிற கேள்வியாகும்.

மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, டேங்கரைச் சுற்றி வந்து பார்த்து, ஏதோ குறை கண்டு வழக்கெழுதியதும் கிளீனரும் பக்கத்து வண்டிக்காரர்களும் சொல்லும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: “கட்டிட்டுக் கெளம்புங்கண்ணே, லோடு லேட்டாகுது.” வேகத்துக்கும் சீருடைக்கும் போடப்படும் அபராதங்களுக்கு அந்த யோசனை பொருந்தலாம், இதற்குப் பொருந்தாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, அபாயகரமான சரக்கு சம்பந்தமான விதிகளை மீறுவோருக்கு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், முதல் குற்றத்துக்கு 10,000 ரூபாய் அபராதமோ ஓராண்டு வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது. அதே குற்றம் மறுபடி நிரூபணமானால் அபராதம் 20,000 ரூபாயாகவும் சிறை மூன்றாண்டு வரையாகவும் உயர்கிறது. அதனினும் முக்கியமானது, சாலையிலேயே பணம் கட்டி முடித்துக்கொள்ளத்தக்க குற்றங்களைப் பட்டியலிடும் 200ஆம் பிரிவில் இந்த உட்பிரிவுக்கு இடமில்லை என்பது. நீதிமன்றத்தில்தான் இது தீர வேண்டும். எனவே சாலையோரத்தில் ரசீதின்றிக் கைமாறும் தொகை எதுவும் இக்குற்றத்துக்குரிய அபராதமாகாது. நீதிமன்றத்தில் ஆலோசனையின்றி ஒப்புக்கொள்ளும் குற்றமோ, அடுத்த முறை ‘இரண்டாவது குற்றம்’ என்ற பெயரில் திரும்பி வரும்.

சட்டம் இவ்வளவு கடுமையாக இருப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. 2012 ஆகஸ்டு 27ஆம் தேதி கண்ணூருக்கருகே சாலா என்ற ஊரில் எரிவாயு டேங்கர் ஒன்று கவிழ்ந்து தீப்பிடித்ததில் இருபது பேர் மாண்டனர். 2025 ஜனவரி 3ஆம் தேதி விடியற்காலையில் கோயம்புத்தூர் அவினாசி சாலை மேம்பாலத்தில் டேங்கர் ஒன்று லாரியினின்று கழன்று விழுந்து வாயு கசிந்தபோது, சுற்றியிருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, இடைவிடாது தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்ததால் உயிர்ச்சேதம் தவிர்க்கப்பட்டது. அத்தகைய வேளையில் ஓடிவரும் தீயணைப்பு வீரர், உள்ளே இருப்பது சமையல் எரிவாயுவா, பெட்ரோலா, வேறு ரசாயனமா என்பதைத் தூரத்திலிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும். எரிவாயுவுக்கு 1075, பெட்ரோலுக்கு 1203 என்று உலகெங்கும் ஒரே விதமாக வழங்கும் எண்கள் அதற்காகவே ஏற்பட்டவை. சரக்கின் பெயர் 50 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்திலும், எண் 100 மில்லிமீட்டருக்குக் குறையாத உயரத்திலும், வகைச் சின்னம் 250 மில்லிமீட்டருக்குக் குறையாத சதுரத்திலும், அவற்றோடு சரக்கை அனுப்பியவரின் தொலைபேசி எண்ணும் பலகையில் இருக்க வேண்டுமென்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 134ஆம் விதி கூறுகிறது. மழையிலும் சேற்றிலும் பல மாதம் ஓடிய வண்டியில் ‘5’ பாதி உரிந்து போயிருப்பதும், தொலைபேசி எண்ணின் கடைசி இலக்கங்கள் வெளுத்திருப்பதும் சாதாரணம். அச்சிறு உரிசலே வழக்காகிறது.

ஆனால் அந்த உரிசல் யாருடைய பொறுப்பு? ஓட்டுநர் கவனித்து அறிய வேண்டிய இடம் இதுவே. விதிகள் பொறுப்பை மூவருக்குப் பங்கிட்டிருக்கின்றன. சரக்கின் தன்மையையும் அபாயத்தையும் பூரணமாகத் தெரிவிக்க வேண்டியவர் அனுப்புபவர். இது 131ஆம் விதி. வண்டியைத் தக்க நிலையில் வைத்து, முதலுதவிச் சாதனங்களை அளித்து, டிரெம் கார்டு என்று ஓட்டுநர்கள் வழங்கும் அவசரகாலக் குறிப்பட்டையை எழுத்து மூலமாக ஓட்டுநர் கையில் சேர்ப்பிக்க வேண்டியவர் உரிமையாளர், இது 132. கொடுக்கப்பட்ட அட்டையைக் கேபினில் எந்நேரமும் வைத்திருப்பதும், தீயும் கசிவும் நேராமல் காப்பதும், நிறுத்திய வண்டியை ஆளின்றி விட்டுப் போகாதிருப்பதும் ஓட்டுநரின் கடமை, இது 133. 190ஆம் பிரிவே ஓட்டுகிறவரை மட்டுமன்றி, ஓட்டச் செய்கிறவரையும் ஓட்ட அனுமதிக்கிறவரையும் சேர்த்தே சொல்கிறது. சட்டம் மூவரையும் பார்க்கிறது. சாலையில் அகப்படுகிறவர் ஒருவரே. அவர் மற்ற இருவரின் பிழையையும் தம் தலையில் சுமந்துகொண்டு வாய் பேசாது நிற்பதைக் காண எனக்கு மனம் பொறுப்பதில்லை.

ஆதலால், வழக்கு எழுதப்பட்டவுடன் ஓட்டுநர் அதிகாரியோடு வாதாடாமல், கையில் தரும் தாளானாலும் கைபேசிக்கு வரும் மின் செலானானாலும், எந்தப் பிரிவு, எந்த விதி, என்ன குறை என்று அதில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். வாசித்துப் பாராமல் எதிலும் கையொப்பமிடலாகாது. பிறகு அவ்விடத்தை விட்டு வண்டியை நகர்த்துவதற்கு முன்பே, பலகையையும், டிரெம் கார்டையும், இன்வாய்ஸையும், தீயணைப்புக் கருவியையும் கைபேசியில் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிட வேண்டும். எடுக்கும் நேரம் ஐந்து நிமிஷந்தான். ஆறு மாதம் கழித்து விசாரணை வரும்போது அதைவிடச் சிறந்த சாட்சியம் கிடைக்காது. ஓட்டுநர் உரிமத்தை அதிகாரி எடுத்துக்கொண்டால், அதற்குத் தற்காலிக ஒப்புகைச் சீட்டுத் தர அவர் கடமைப்பட்டவர். அச்சீட்டில் கண்ட காலம் வரை அதைக் காட்டி வண்டி ஓட்டலாம். குறை உண்மையானதாயின் அன்றே அதைச் சரிசெய்து, செலவுக்கான ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். அது குற்றத்தைத் துடைத்துவிடாது. எனினும் தண்டனையை நிர்ணயிக்கும் நீதிபதியிடம் காட்டத்தக்க பத்திரம் அது.

ஒரு குறை மட்டும் பட்டறையில் தீர்வதன்று. 9ஆம் விதிப்படி, அபாயகரமான சரக்கு வண்டி ஓட்டுபவர் ஓர் இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்து, மூன்று நாள் பயிற்சியை முடித்து, உரிமத்தில் அதற்குரிய ‘ஹசார்டஸ்’ பதிவைப் பெற்றிருக்க வேண்டும். இந்த உரிமம் முன்பு ஓராண்டுக்கே செல்லும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதை மூன்றாண்டாக்கியது. தொலைதூர லோடுகளுக்கிடையில் அந்தத் தேதி கடந்துபோவதை ஓட்டுநர் உணராமலிருப்பது எளிது. அப்படி நேர்ந்த நாளில் விபத்து ஒன்று நிகழ்ந்துவிட்டால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு அத்தொகையை உரிமையாளரிடமே வசூலித்துக்கொள்ளும்படி உத்தரவாகக்கூடும். ஓட்டுநரைப் பயிற்சிக்கு அனுப்பும் மூன்று நாள் நஷ்டத்தைக் கணக்கிடும் உரிமையாளர்கள் இந்த நஷ்டத்தையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

பெரிய சங்கடம், வழக்கு அயலூரில் நடப்பது. மங்களூரில் எழுதிய வழக்குக்குச் சம்மன் திருச்செங்கோட்டு வீட்டுக்கு வரும்போது ஓட்டுநர் எங்கோ நெடுஞ்சாலையில் இருப்பார். மனைவி அதை வாங்கி அலமாரியில் வைப்பார். தேதி போய்விட்டால் பிடிவாரண்டு பிறக்கும். சம்மனைக் கண்டதும் படமெடுத்து அனுப்பும்படி வீட்டாருக்குச் சொல்லி வைத்திருப்பது அவசியம். வழக்கறிஞரை அமர்த்த வசதியற்றவர் சேலத்திலும் நாமக்கல்லிலும் நீதிமன்றங்களோடு இயங்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணில் அழைத்தாலும் வழி சொல்வார்கள். ஆனால் ஓட்டுநர் அங்கே போய் நிற்க வேண்டிய நிலையே வரக்கூடாது. வண்டியின் குறைக்காக வந்த வழக்கில் வழக்கறிஞர் கட்டணத்தையும், விசாரணைக்குப் போகிற நாளின் பேட்டாவையும் உரிமையாளரே கொடுப்பது என்று நாமக்கல்லின் லாரிச் சங்கங்கள் தங்கள் நடைமுறையாகத் தீர்மானித்து, ஓட்டுநரை வேலைக்கு எடுக்கும்போதே எழுத்தில் தந்துவிட வேண்டும்.