கை நடுக்கமும் ஒரு கம்பும்

சேப்பாக்கத்தில் டெஸ்ட் போட்டி நடக்கும் நாளில் எல்லைக் கயிற்றுக்கு வெளியே குட்டி ஸ்டூல்களில் உட்கார்ந்திருக்கும் பத்திரிகைப் புகைப்படக்காரர்களைக் கவனித்திருப்பீர்கள். ஆளுக்கொரு பெரிய லென்ஸ். அதன் அடிவயிற்றில் ஒரே ஒரு கம்பு. அதுதான் மோனோபாட். கேமரா ஆடாமல் இருக்கத்தான் இந்தக் கம்பு என்று பலரும் நினைக்கிறோம். கடையிலும் அப்படிச் சொல்லித்தான் விற்கிறார்கள்.

ஆனால், மட்டையில் பந்து படும் கணத்தை உறையவைக்க அவர்கள் ஷட்டரை ஒரு விநாடியில் 2000-ல் ஒரு பங்குக்கு வைத்திருப்பார்கள். அந்த நேரத்துக்குள் கை எவ்வளவுதான் ஆடிவிட முடியும்? நல்ல வெயிலில் அதே படத்தை வெறுங்கையிலேயே கூர்மையாக எடுத்துவிடலாம். அப்புறம் எதற்குக் கம்பு?

எடைக்காக. கேனான் நிறுவனம் 1999-ல் வெளியிட்ட 400 மி.மீ. எஃப் 2.8 லென்ஸின் எடை 5.37 கிலோ. கேமராவையும் சேர்த்தால் ஆறரை கிலோவைத் தாண்டும். டெஸ்ட் ஆட்டம் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம். விக்கெட் எந்தப் பந்தில் விழும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொரு பந்துக்கும் லென்ஸ் ஆடுகளத்தைக் குறிபார்த்தே இருக்க வேண்டும். 90 ஓவர் என்றால் 540 பந்துகள். ஒவ்வொன்றுக்கும் ஆறரை கிலோவைத் தூக்கித் தூக்கி இறக்கினால் உணவு இடைவேளைக்குள் தோள் விட்டுப்போகும். மோனோபாட் முதலில் ஒரு சுமைதாங்கி. ஆட்டத்தைக் குறைப்பது அதற்குப் பிறகுதான் வருகிறது. அதுவும் பெரும்பாலும் சுமையை இறக்கிவைத்ததன் பலனாகவே வருகிறது. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் எதை வாங்குவது, எப்படிப் பிடிப்பது என்ற கேள்விகளில் பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

கை நடுங்குவது நோயல்ல. ஆரோக்கியமான எவருடைய கையும், நீட்டிப் பிடித்தால், விநாடிக்கு 8 முதல் 12 தடவை வரை மெல்ல அதிர்ந்துகொண்டே இருக்கும். தசை நார்கள் எல்லாம் ஒரே சீராக இழுத்துப் பிடிப்பதில்லை; கொத்துக் கொத்தாக மாறி மாறிச் சுண்டுகின்றன. நரம்பு வழியே போய்த் திரும்பும் திருத்தக் கட்டளைகள் கொஞ்சம் தாமதித்தே வந்து சேர்கின்றன. இதயத் துடிப்பு வேறு ஒவ்வொரு முறையும் உடலை லேசாக உதைக்கிறது. சாதாரணமாக இது கண்ணுக்குத் தெரியாது. பதற்றமும் காபியும் இதைக் கூட்டும். களைத்த தசையும் இதை வெகுவாகக் கூட்டும். பாரத்தைக் கம்பு வாங்கிக்கொண்டால் தசை தளர்கிறது. தசை தளர்ந்தால் நடுக்கம் தணிகிறது.

அந்த நடுக்கம் படத்தை எவ்வளவு கெடுக்கும்? 36 மி.மீ. அகலமுள்ள சென்சாரில் வரிசைக்கு 6000 பிக்சல் இருந்தால் ஒவ்வொரு பிக்சலும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஆறு பங்கு. 400 மி.மீ. லென்ஸை மாட்டி, 70 மீட்டர் தள்ளி நிற்கும் மட்டையாளரைக் குறிபார்க்கிறீர்கள். குறி அவர் சட்டையின் மேல் வெறும் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே படம் ஒரு பிக்சல் இழுபட்டுவிடும். 50 மி.மீ. லென்ஸ் என்றால் அதே இழுபடலுக்குக் குறி எட்டு மில்லிமீட்டர் நகர வேண்டும். ஃபிலிம் காலத்திலிருந்து வரும் பழைய விதி இதிலிருந்து பிறந்ததுதான்: லென்ஸ் 400 என்றால் ஷட்டர் 400-ல் ஒரு பங்காவது இருக்கட்டும், 50 என்றால் 50-ல் ஒரு பங்கு போதும். சிறிய சென்சார் கேமராவென்றால் இதை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும். பிக்சல்கள் நெருக்கமாக அடுக்கப்பட்ட இன்றைய கேமராக்களுக்கு இந்த விதியே கொஞ்சம் தாராளம்தான். மோனோபாட் நன்கு பழகிய கைக்கு இரண்டு ஸ்டாப் வரை லாபம் தரும் என்பது தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் கணக்கு. ஒரு ஸ்டாப் என்றால் ஷட்டர் இரு மடங்கு நேரம் திறந்திருக்கலாம்; அதாவது 400-ல் ஒரு பங்கு கேட்கிற இடத்தில் 100-ல் ஒரு பங்கே போதும். கிளையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் நாரையை மாலை வெளிச்சத்தில் எடுக்க இது பெரிய உதவி. அது சிறகை விரித்துவிட்டால் இந்த லாபம் செல்லாது. கம்பு கேமராவைத்தான் நிறுத்தும், நாரையை அல்ல.

ஒற்றைக் காலில் நிற்கும் பொருள் எப்படி ஆட்டத்தைக் குறைக்கும் என்று கேட்கலாம். கையைவிட்டால் விழுந்துவிடுமே! விழும், உண்மைதான். ஆனால் எவ்வளவு மெதுவாக விழுகிறது என்பதில்தான் சூட்சுமம். உள்ளங்கையில் பென்சிலைச் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள், முடியாது. ஒட்டடைக் கம்பை நிறுத்திப் பாருங்கள், சற்றே முயன்றால் நிற்கும். சாய ஆரம்பித்த கோல் தன் சாய்வைப் பெருக்கிக்கொள்ள எடுக்கும் நேரம் நீளத்தின் வர்க்கமூலத்தோடு கூடுகிறது. உச்சியில் கனமுள்ள ஒன்றரை மீட்டர் கம்புக்கு அது கிட்டத்தட்ட 0.4 விநாடி, பென்சிலுக்கு 0.1 விநாடி. மனிதக் கண்ணும் கையும் சேர்ந்து எதிர்வினை காட்ட 0.2 விநாடி போல ஆகும். எனவே கம்பின் சாய்வை நாம் எட்டிப் பிடித்துவிடலாம். விநாடிக்குப் பத்துத் தடவை துடிக்கிற நடுக்கத்தை வாங்கி, ஆடி அசைந்து வரும் சாய்வாக மாற்றிக் கொடுக்கிறது மோனோபாட். ஷட்டர் திறந்திருக்கும் 100-ல் ஒரு பங்கு நேரத்தில் அந்தச் சாய்வு அதிகம் நகர்வதில்லை.

எல்லாச் சாய்வும் ஒன்றல்ல. கம்பின் உச்சி பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தால் படம் கொஞ்சம் கோணலாகும். மேற்சொன்ன கணக்கில் நடுப்பகுதிக்கு ஒரு பிக்சலும் ஓரங்களுக்கு இரண்டொரு பிக்சலும்தான் சேதம். அதே ஒரு மில்லிமீட்டர் முன்பக்கமோ பின்பக்கமோ சாய்ந்தால் லென்ஸின் மூக்கு தாழ்கிறது அல்லது நிமிர்கிறது. படம் நாற்பது பிக்சலுக்கு மேல் எகிறுகிறது! ஆகவே அடக்க வேண்டியது முன்-பின் சாய்வைத்தான். பழைய ஆட்கள் கம்பின் அடியைத் தமக்கு முன்னால் ஓர் அடி தள்ளி ஊன்றி, தலைப்பகுதியைத் தம் பக்கம் சாய்த்து, கேமராவை நெற்றிப்பொட்டோடு அழுத்திக்கொள்வார்கள். இரண்டு கால்களும் பின்னால் அகன்று நிற்கும். தரையில் இப்போது மூன்று புள்ளிகள் இருக்கின்றன. ட்ரைபாடின் மீதி இரண்டு கால்களையும் நாமே போட்டுக்கொடுக்கிறோம். கம்பை நட்டுக்குத்தலாக நிறுத்தி, கைகளை நீட்டிப் பிடித்து, பின்பக்கத் திரையைப் பார்த்து எடுப்பவருக்குப் பணமும் வீண், கம்பும் வீண்.

கம்பைச் சுற்றித் திரும்பும் அசைவை மட்டும் மோனோபாட் தடுப்பதேயில்லை. தடுக்காததே நல்லது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் பாய்ந்து வரும் பைக்கோடு லென்ஸைத் திருப்பிக்கொண்டே 60-ல் ஒரு பங்கு வேகத்தில் சொடுக்கினால் பைக் தெளிவாகவும் பின்னணி கோடு கோடாகவும் வரும். இந்தப் பேனிங்கில் மேல்-கீழ் ஆட்டம்தான் எதிரி. அதைக் கம்பு பார்த்துக்கொள்கிறது.

வாங்கப் போகும்போது பெரும்பாலோர் தடுமாறுவது மேலே எந்தத் தலையை மாட்டுவது என்பதில். ட்ரைபாடுக்குப் பழகிய கை, எல்லாப் பக்கமும் சுழலும் பால் ஹெட்டைத் தேடும். மோனோபாடுக்கு அது பொருந்தாது என்பது என் கட்சி. குமிழைத் தளர்த்திய மறுநொடி கனமான லென்ஸ் ஏதாவது ஒரு பக்கம் தொப்பென்று கவிழும், விரல் நசுங்கும். இடது வலது திரும்பக் கம்பையே திருப்பலாம். கோணலைச் சரிசெய்யக் கம்பையே சாய்க்கலாம். பாக்கி இருப்பது மேல்-கீழ் ஒன்றுதான். அதற்கு முன்னும் பின்னும் மட்டும் சாயும் எளிய டில்ட் ஹெட் போதும். படத்தை நெடுக்குவாட்டில் எடுக்க வேண்டுமென்றால் லென்ஸைக் கம்போடு பிடித்திருக்கும் வளையத்தைத் தளர்த்தி அதற்குள்ளேயே கேமராவைத் திருப்பிக்கொள்ளலாம். மைதானத்தில் ஏறக்குறைய ஒரே உயரத்தில் குறிபார்ப்பவர்கள் தலையே இல்லாமல் அந்த வளையத்தின் காலை நேராகக் கம்பில் முறுக்கிவிடுகிறார்கள். கம்பின் உச்சியில் பெரும்பாலும் 3/8 அங்குலத் திருகு இருக்கும். கேமராவின் அடியில் 1/4 அங்குலத் துளை. இரண்டையும் இணைக்கும் குட்டிப் பித்தளை வளையம் சொற்ப விலைதான். அது கைவசம் இல்லாத நாளில்தான் அதன் அருமை தெரியும்.

அடுத்தது குழாயின் பருமன். சுவரின் கனம் மாறாமல் குழாயின் விட்டம் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் அதன் விறைப்பு ஏறத்தாழப் பாதியாகிவிடும், ஏனென்றால் விறைப்பு விட்டத்தின் முப்படியைப் பின்பற்றுகிறது. ஐந்து அடுக்காக மடங்கி முதுகுப் பைக்குள் போய்விடும் மோனோபாடின் கடைசி அடுக்கு மிகவும் ஒல்லியாகத்தான் இருக்கும். அழகாக மடங்கும், அழகாக வளையவும் செய்யும். கனமான லென்ஸுக்கு நான்கு அடுக்கு அல்லது மூன்று போதும். முழுதாக நீட்டத் தேவையில்லாதபோது மேலிருக்கும் பருத்த அடுக்குகளை முதலில் இழுங்கள், ஒல்லியானதை உள்ளேயே விடுங்கள். இத்தனை கிலோ தாங்கும் என்று அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அதை அளக்க எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான முறை கிடையாது. உங்கள் லென்ஸைக் கடைக்கே கொண்டுபோய் மாட்டி, முழு நீளத்துக்கு இழுத்து, மேலிருந்து அழுத்திப் பாருங்கள். கார்பன் ஃபைபரா அலுமினியமா என்ற விவாதத்துக்கு இங்கே அதிக இடமில்லை. ட்ரைபாடில் மூன்று கால்களிலும் மிச்சமாகும் எடை இதில் ஒரே காலில்தான் மிச்சமாகிறது. விலை வித்தியாசத்துக்கு அது ஈடாகுமா என்பது பணப்பையின் விஷயம். கடற்கரையில் எடுப்பவர்கள் மட்டும், அடுக்குகளை முறுக்கிப் பூட்டும் வகையில் மணல் புகுந்து நறநறக்கும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். உயரம் உங்கள் கண்மட்டத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். லென்ஸ் வானத்தைப் பார்க்கும்போது வியூஃபைண்டர் கீழே இறங்கும். கூடுதல் உயரம் அப்போது கைகொடுக்கும்.

வீடியோ எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி. புகைப்படக்காரருக்குத் தேவை ஒரு கணம். மெதுவான சாய்வை அவர் மன்னித்துவிடலாம். விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வீடியோவில் அதே சாய்வு கப்பல் தளத்தில் நின்று எடுத்ததுபோல் தெரியும். வீடியோ மோனோபாடின் அடியில் மூன்று குட்டிக் கால்கள் இருப்பது இதற்காகத்தான். பலவற்றில் கம்பும் கால்களும் சேரும் மூட்டில் பாகுநிலைத் திரவம் அடைத்த உருளை இருக்கும். திருப்பும் வேகம் கூடக்கூட அதன் எதிர்ப்பும் கூடுவதால் வெடுக்கென்ற அசைவுகள் வழுவழுவென்று ஆகின்றன. குட்டிக் கால்களை நம்பிக் கையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்; கூட்டத்தில் ஒரு குழந்தை ஓடிவந்து இடித்தால் போதும்.

நம்மூர்க் கல்யாண மண்டபங்களில் இது ஏன் இவ்வளவு பிடித்துப்போனது என்பது மேடையைப் பார்த்தால் விளங்கும். முகூர்த்த நேரத்தில் அய்யரும் உறவினர்களும் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் ட்ரைபாடின் கால்களை விரிக்க வழியே கிடையாது. மோனோபாடுக்கு ஒரு சாண் தரை போதும். கெட்டிமேளம் ஒலிக்கும்போது கூட்டம் எழுந்து மறைத்தால் கம்பைப் பிடித்து கேமராவைத் தலைகளுக்கு மேலே தூக்கிவிடலாம். மோட்டாரில் இயங்கும் கிம்பல் வந்தபிறகு நடந்துகொண்டே எடுக்கும் காட்சிகள் அதன் வசம் போய்விட்டன. ஆனால் கிம்பல் கேமராவின் எடையோடு தன் எடையையும் கையில் ஏற்றுகிறது, சார்ஜும் கேட்கிறது. இரண்டு மணி நேரச் சடங்கை ஒரே இடத்தில் நின்று எடுப்பவருக்குக் கம்புதான் சௌகரியம்.

இதற்கிடையே லென்ஸும் கேமராவும் தாமே நடுக்கத்தைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டன. எஸ்.எல்.ஆர். கேமராக்களுக்கான முதல் நிலைப்படுத்தும் லென்ஸை கேனான் 1995-ல் கொண்டுவந்தது. சிறு உணரிகள் ஆட்டத்தை அளக்க, உள்ளிருக்கும் கண்ணாடித் தொகுதி எதிர்ப்பக்கம் நகர்ந்து படத்தைப் பிடித்து நிறுத்தும். அன்று அதன் லாபம் இரண்டு ஸ்டாப். 2020-ல் வந்த ஆர் 5 கேமராவுக்குச் சில லென்ஸ்களோடு சேர்த்து எட்டு ஸ்டாப் வரை என்று அதே நிறுவனம் சொல்கிறது. மோனோபாடில் மாட்டியிருக்கும்போதும் இதை அணைக்கத் தேவையில்லை. கம்பு விட்டுவைத்த முன்-பின் சாய்வைத்தான் இது திருத்துகிறது. பேனிங் செய்யும்போது மட்டும் அதற்கான நிலைக்கு மாற்றிவிட வேண்டும்.

எட்டு ஸ்டாப் கேமராவுக்குள்ளேயே கிடைக்கும்போது கம்பை ஏன் சுமக்க வேண்டும்? நிலைப்படுத்தி நடுக்கத்தைத் திருத்தும், ஒரு கிராம் எடையைக்கூடக் குறைக்காது. ஆகவே மோனோபாடின் எதிர்காலத்தை லென்ஸின் எடைதான் தீர்மானிக்கும். அந்த எடையோ இறங்கிக்கொண்டே வருகிறது. 5.37 கிலோ இருந்த அந்த 400 மி.மீ. லென்ஸ் அடுத்த பதிப்பில் 3.85 கிலோ ஆனது. 2018-ல் அறிவிக்கப்பட்ட மூன்றாம் பதிப்பில் 2.84 கிலோ. இப்படி ஒன்று முன்பும் நடந்திருக்கிறது. 16, 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் படைவீரன் கனத்த மஸ்கட் துப்பாக்கியைத் தாங்கக் கவை வைத்த கம்பு ஒன்றைக் கூடவே சுமந்தான். 1607-ல் ஹாலந்தில் ஜாக்கப் டி கெய்ன் வரைந்து வெளிவந்த படைப்பயிற்சி நூலில் அந்தக் கம்பை ஊன்றுவதும் எடுப்பதும் படம் படமாக இருக்கின்றன. துப்பாக்கி இலேசானதும் கம்பு மறைந்துபோனது.

லென்ஸும் கேமராவும் சேர்ந்து இரண்டு கிலோவுக்குள் இருந்து, ஒரு மணி நேரத்துக்குமேல் தூக்கிப் பிடிக்கும் வேலையும் இல்லையென்றால் இப்போதே நீங்கள் மோனோபாட் வாங்க வேண்டியதில்லை. அந்தப் பணத்துக்கு வேடந்தாங்கலுக்கு நான்கு முறை போய்வரலாம்.