ஓட்டு கேட்டு வராத கேள்வி

செஞ்சி, தொண்டூர் பக்கம் எத்தனை பிரசாரம் கேட்டிருப்பீங்க? ரோடு, தண்ணி, நெல் விலை எல்லாம் வரும். கருக்கலைப்பு? ம்ஹூம்!

அமெரிக்காவுல கதையே வேற பாஸ். கருக்கலைப்பு உரிமையை ஆதரிச்ச கத்தோலிக்கர் ஜோ பைடனுக்கு நற்கருணை கொடுக்கலாமான்னு 2021-ல் ஆயர்களுக்குள்ளேயே பெரிய விவாதம்.

இங்கே 1971-லேயே சட்டம் வந்தாச்சு. யாரும் தெருவுல இறங்கிப் போராடி வாங்கினதில்லை. கள்ளத்தனமான கருக்கலைப்புல பெண்கள் செத்துக்கிட்டிருந்தாங்க. சாந்திலால் ஷா கமிட்டி சிபாரிசு செஞ்சது. குடும்பக் கட்டுப்பாடு காலம் வேற. அதனாலயோ என்னவோ, இது தேர்தல் சண்டையா மாறவே இல்லை. அந்தச் சட்டத்துக்கு 50 வயசான 2021-ல், ஆகஸ்ட் 10-ஐ இந்தியத் திருச்சபை துக்க நாளா அனுசரிச்சது. உங்க கேம்பஸ்ல யாருக்காவது தெரியுமா?

கருவான நொடியிலிருந்தே அது உயிர், அழிக்கிறது பெரும்பாவம்ங்கிறது திருச்சபை போதனை. டாக்டர் சரின்னுட்டா, 18 வயசான பெண்ணோட சம்மதம் மட்டும் போதும். புருஷனோ அப்பாவோ கையெழுத்துப் போட வேண்டாம்ங்கிறது சட்டம். (ரெண்டாவதையும் நம்மள்ல பாதிப் பேருக்குச் சொல்லித் தர ஆளில்லை!)

ரெண்டுக்கும் நடுவுல தனியா நிக்கிற கத்தோலிக்கப் பொண்ணுக்கு இன்னொரு சேதி. இந்தப் பாவத்துக்கு எந்தக் குருவானவரும் மன்னிப்பு தரலாம்னு 2016-லேயே போப் பிரான்சிஸ் நிரந்தர அனுமதி கொடுத்துட்டார். துக்க நாளைச் சொன்ன அதே சத்தத்துல இதையும் சொல்லியிருக்கலாம்.