தைப்பூசச் சாலையில் சாசர்

சென்ற வாரம் 1066-ல், நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த இடத்தில் நிறுத்தியிருந்தோம். அதன்பின் முந்நூறு ஆண்டுகள் அரண்மனையில் பிரெஞ்சு, தேவாலயத்தில் லத்தீன், வயலிலும் சந்தையிலும் ஆங்கிலம் என்றே ஓடின. நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் வழக்காடலாம் என்று சட்டம் வந்ததே 1362-ல்தான். அப்போது ஜெஃப்ரி சாசருக்கு ஏறக்குறைய இருபது வயது.

அவருடைய 'கேன்டர்பரி கதைகள்' முன்னுரையை நான் தை மாதத்துக்கென்று ஒதுக்கிவைப்பேன். செட்டிநாட்டிலிருந்து நத்தம் வழியாக வரும் நகரத்தார் காவடியும், மதுரைப் பக்கத்துப் பச்சை வேட்டிக் கூட்டமும் திண்டுக்கல்லைத் தொட்டு, ஒட்டன்சத்திரம் சாலையில் பழனிக்கு நடக்கும் மாதம் அது. என் மாணவர்களில் பாதிப் பேர் அந்தச் சாலையோரம் மோர் ஊற்றிக் கொடுத்து வளர்ந்தவர்கள். யார் வெறுங்காலோடு வருகிறார், யாருக்குப் பின்னால் சாமான் வேன் வருகிறது, யார் வேண்டுதலுக்காக வருகிறார், யார் ஊர் பார்க்க வருகிறார் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

சாசர் பார்த்ததும் அப்படி ஒரு கூட்டத்தைத்தான். 1170-ல் கேன்டர்பரி பேராலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்ட பேராயர் தாமஸ் பெக்கெட்டின் சமாதிக்குப் போகிறவர்கள், ஒரு ஏப்ரலில் லண்டன் தென்கரையிலுள்ள டபார்டு விடுதியில் சேர்கிறார்கள். போகும்போது ஆளுக்கு இரண்டு கதை, திரும்பும்போது இரண்டு என்பது விடுதிக்காரர் போட்ட திட்டம். நமக்குக் கிடைப்பது 24 கதைகள். அவற்றிலும் சில பாதியில் நிற்கின்றன. இருக்கட்டும். என்னைக் கேட்டால், முன்னுரை ஒன்றே போதும், அந்த நூற்றாண்டைக் கண்ணால் பார்க்க.

போர்வீரரைப் பாருங்கள். பல நாடுகளில் சண்டையிட்டவர், நல்ல குதிரை வைத்திருப்பவர். ஆனால் மேலே போட்டிருக்கும் முரட்டுத்துணியில் இரும்புக் கவசத்தின் கறை. ஊர் திரும்பியதும் உடை மாற்றக்கூட நிற்காமல் யாத்திரைக்குக் கிளம்பிவிட்டார். அந்தக் கறையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசலாம். பாத் நகரத்துப் பெண்மணியை நான் விளக்க வேண்டியதே இல்லை. நெசவில் ஃபிளாண்டர்ஸ் ஊர்க்காரர்களையே மிஞ்சியவள், ஐந்து முறை மணந்தவள், பளீரென்ற சிவப்புக் காலுறை போட்டவள். சின்னாளபட்டியில் தறிச் சத்தத்தோடு பிறந்த ஒரு மாணவி, "சொந்தமா சம்பாதிக்கிற பொம்பளை சார், அதான் அவ்வளவு தைரியம்" என்றாள். எந்த நோட்ஸிலும் இவ்வளவு நேராக எழுதியிருக்கவில்லை.

வரலாற்றுப் பின்னணி என்று தனியாக இரண்டு பக்கம் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யவைப்பது வீண் வேலை. பின்னணி இந்த மனிதர்களின் பையிலேயே இருக்கிறது. உடன் வரும் மருத்துவரைக் கேளுங்கள்: கொள்ளைநோய்க் காலத்தில் சம்பாதித்ததைச் செலவழிக்காமல் இறுக்கி வைத்திருக்கிறார். 2020-ஐப் பார்த்த பிள்ளைகளுக்கு அந்த ஒரு வரி சட்டென்று உறைக்கிறது. 1348-ல் இங்கிலாந்துக்குள் நுழைந்த 'கறுப்புச் சாவு' மூன்றில் ஒருவரையாவது கொண்டுபோனது. அதே 1340-களில் மதுரை சுல்தானகத்துக்கு வந்த இபின் பதூதா, நம் பக்கத்து நகரம் ஒரு கொள்ளைநோயில் சாவதைப் பார்த்து எழுதினார். 1348-ல் டமாஸ்கஸில் இன்னொன்றைப் பார்த்தார். இரண்டும் ஒரே நோய் என்று சொல்ல வரவில்லை. இரண்டையும் பார்த்தவை ஒரே ஜோடிக் கண்கள்.

ஆள் குறைந்ததும் கூலி ஏறியது. ஏறக்கூடாது என்று 1351-ல் சட்டம் போட்டார்கள். நாற்று நடவுக்கு ஆள் தேடி அலைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு வாக்கியத்துக்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. தலைவரியும் சேர்ந்துகொள்ள, 1381-ல் குடியானவர்கள் கிளர்ந்தார்கள். எசெக்ஸிலிருந்து வந்தவர்கள் லண்டனுக்குள் புகுந்த ஆல்ட்கேட் வாசலின் மாடியில்தான் சாசருக்கு அப்போது வீடு. பகலில் துறைமுகத்தில் கம்பளிச் சுங்கக் கணக்குப் பார்க்கும் அரசு ஊழியர் அவர்.

பிறகு வாசிப்பு. இடைக்கால ஆங்கிலம் என்றதும் பயப்படுகிறார்கள். உண்மையில் நம் பிள்ளைகளுக்கு அதுதான் சுலபம். எழுதியதை அப்படியே ஒலிக்க வேண்டும். போர்வீரரைக் குறிக்க இன்று 'நைட்' (knight) என்கிற சொல்லில் முதல் எழுத்தான 'க்' அன்று ஊமையில்லை. நடுவில் நம் ஆய்தம் போலத் தொண்டையில் ஓர் ஒலி: 'க்னிஃட்'. இன்றைய 'நேம்' அன்று 'நாமெ'. நம் 'நாமம்' எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது! 1476-ல் கேக்ஸ்டன் அச்சகம் வைத்த பிறகு எழுத்துக்கூட்டல் மெல்ல நிலைத்தது, உச்சரிப்போ நகர்ந்துபோய்விட்டது. பள்ளி நாளெல்லாம் நம்மை விரட்டிய ஊமை எழுத்துகளில் பல இப்படி வந்தவை.

வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி, வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வாள். எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள் என்று சின்ன வயதில் யாரோ சிரித்திருக்கிறார்கள். "எழுத்துக் கூட்டியே வாசிம்மா, இங்கே அதுதான் சரி" என்றேன். முன்னுரையின் முதல் வாக்கியத்தைத் தொடங்கினாள். விரல் வரிக்கு அடியில் ஊர்ந்தது. மழை, வேர், காற்று, தளிர், பறவை என்று போய், யாத்திரைக்கு ஏங்கும் ஜனங்களைத் தாண்டி, பதினெட்டாவது வரியில்தான் அந்த வாக்கியம் முடியும். அதுவரை அவள் நிறுத்தவில்லை.

(தொடரும்)