தண்ணீர் வரும் வழியும் நிவாரணம் வரும் வழியும்

ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. இரண்டு பருவமழையும் பெய்யும் கன்னியாகுமரி மாவட்டத்தில் மலைக்கும் கடலுக்கும் இடையே பல இடங்களில் நாற்பது கிலோமீட்டர்கூடத் தேறாது. மேலே கொட்டிய மழை சில மணி நேரத்தில் கீழே வாசலில் வந்து நிற்கும். 1992 நவம்பரில் மாஞ்சோலையை அடுத்த காக்காச்சியில் ஒரே நாளில் 96 சென்டிமீட்டர் பெய்தது. காக்காச்சி இருக்கும் அதே மலைத்தொடரின் மேற்குச் சரிவில்தான் நம் கோதையாறு இறங்குகிறது. 2021 நவம்பர் 12, 13 தேதிகளில் பெய்த மழையில் தண்டவாளத்தில் மண் சரிந்து நாகர்கோவில்–திருவனந்தபுரம் ரயில்கள் நின்றுபோயின. முதலமைச்சர் 15ஆம் தேதி நேரில் வந்து பார்த்தார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அதே மழை, பழையாற்றங்கரை வீடுகளுக்குள்ளும் புகுந்தது.

மழையை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் தண்ணீர் எங்கே தேங்குகிறது, நஷ்டப்பட்டவர் கைக்கு ஏதாவது வந்து சேருகிறதா என்ற இரண்டும் பெரும்பாலும் கிராமக் கணக்கில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தே முடிவாகின்றன. நம் ஊர்க்காரர்கள் கோட்டைவிடுவது அங்கேதான்.

முதலில் உங்கள் ஊருக்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மேற்கே விளவங்கோடு, கிள்ளியூர் பக்கம் இருப்பவர்களுக்கு அணைதான் கணக்கு. பேச்சிப்பாறையின் உபரி நீர் கோதையாற்றில் திற்பரப்பு வழியாக இறங்குகிறது. பெருஞ்சாணியின் உபரி நீர் பரளியாற்றில் வருகிறது. இரண்டும் மூவாற்றுமுகத்தில் கலந்து குழித்துறை தாமிரபரணியாகித் தேங்காப்பட்டணத்தில் கடலைச் சேர்கின்றன. மதகு திறந்தால் குழித்துறை சப்பாத்து மூழ்கும்; வைக்கல்லூர், மங்காடு பக்கத்துத் தாழ்ந்த வீடுகளுக்குத் தண்ணீர் ஏறும். பேச்சிப்பாறையின் முழு நீர்மட்டம் 48 அடி, பெருஞ்சாணியுடையது 77 அடி. பேச்சிப்பாறை 42 அடியை நெருங்குகிறது என்று செய்தி வந்தால், ஆற்றங்கரையில் இருப்பவர்கள் அடுத்த அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டாம். வயதானவர்களையும் மாடுகளையும் பகலிலேயே மேட்டுக்கு மாற்றிவிடுங்கள். மதகு நள்ளிரவிலும் திறக்கப்படலாம்.

கிழக்கே நாஞ்சில் நாட்டின் கதை வேறு. இங்கே பழையாறு ஒரு குளத்தின் மறுகாலை அடுத்த குளத்துக்குக் கொடுத்து, வயல்களில் ஊறி, கடைசியில் மணக்குடிப் பொழியில் கடலைத் தொடும். மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் இருந்ததாகச் சொல்வார்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் விளைந்த வயல்கள் மழைக்காலத்தில் தண்ணீரைத் தாங்கிப் பிடித்தன. அந்த வயல் முதலில் வாழையாகவும் தென்னையாகவும் மாறியது, பிறகு மண் அடித்து மனையானது. நான்கு வழிச்சாலை பல குளங்களையும் ஏலா எனும் வயல்வெளிகளையும் குறுக்கே கடந்து போனபோது, பாலம் போடுங்கள், மண்ணைக் கொட்டி அடைக்காதீர்கள் என்று விவசாயிகள் போராட வேண்டியிருந்தது. ஆறடி அகலத்தில் ஓடிய மறுகால் ஓடை ஒரு புதுத் தெருவுக்கு அடியில் ஒன்றரை அடிக் குழாயாகச் சுருங்கியிருப்பதை நாகர்கோவிலைச் சுற்றி எந்த மனைப்பிரிவிலும் நீங்களே பார்க்கலாம். குழாயின் வாயில் பிளாஸ்டிக் பைகளும் தென்னை மட்டையும் அடைத்திருக்கும். மழை நாளில் அந்தத் தெருவில்தான் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்.

இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. குளம், ஓடை, வாய்க்கால் எல்லாம் வருவாய்க் கணக்கில் நீர்நிலைப் புறம்போக்கு. தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் 2007இல் வந்தது. நீர்நிலைகளில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டியது அரசின் கடமை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2005இல் எல்.கிருஷ்ணன் வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் "ஓடையை அடைத்துவிட்டார்கள்" என்று வாயால் சொன்னால் எந்த அலுவலகத்திலும் கோப்பு நகராது. சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். தமிழக அரசின் இணைய சேவையில் புலப்படமும் 'அ' பதிவேடும் கிடைக்கும். ஓடை எந்த எண்ணில் எவ்வளவு அகலம் என்று அதில் இருக்கும். அந்த நகலையும் இப்போதைய நிலையின் புகைப்படத்தையும் சேர்த்துத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள், ரசீது வாங்குங்கள். பதில் வராவிட்டால், மனுவின் மேல் என்ன நடவடிக்கை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள்; 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். திருவிதாங்கூர் காலத்துப் பழைய ஆதாரங்கள் மலையாளத்தில் இருக்கும். அவற்றைப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் ஊரில் இருக்கும்போதே படித்து வைத்துக்கொள்வது நல்லது.

மனை வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். ஐப்பசி மழையில் அந்த இடத்தில் தண்ணீர் எதுவரை நிற்கும் என்று பக்கத்து வயல்காரரிடம் கேளுங்கள்.

வெள்ளம் வந்த வேளையில் அழைக்க மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில எண் 1070. மின்கம்பி அறுந்து கிடந்தால் அருகில் போகாமல் மின்வாரிய மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். தண்ணீர் வடிந்ததும் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லி ஊராட்சியைக் கேளுங்கள். கால் புண்ணோடு வெள்ளத்தில் நடந்தவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். சாதாரணக் காய்ச்சல் என்று கடையில் மாத்திரை வாங்கி விழுங்காமல், வெள்ளத்தில் நடந்ததை மருத்துவரிடம் சொல்லிச் சிகிச்சை பெறுங்கள்.

இனி நிவாரணம். 2023 டிசம்பரில் அரசு உயர்த்தி அறிவித்த அளவின்படி உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாய், சேதமான குடிசைக்கு 8,000, கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000. பாசன வசதி உள்ள பயிர் 33 சதவீதமும் அதற்கு மேலும் அழிந்திருந்தால் ஹெக்டேருக்கு 17,000, பல்லாண்டுப் பயிர்களுக்கு 22,500. கேட்கப் பெரிதாக இருக்கும். நம் ஊரில் நிலத்தைச் சென்டில்தான் சொல்வோம். 17,000 ரூபாயைச் சென்டுக்குப் பிரித்தால் 69 ரூபாய்தான் வருகிறது. ஐம்பது சென்ட் விவசாயிக்கு 3,450 ரூபாய்கூட முழுதாக வராது. போதாது என்பதில் சந்தேகமே இல்லை. விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் இதை மாதாமாதம் எழுப்ப வேண்டும். ஆனால் அந்தத் தொகையும் கைக்கு வராமல் போவதுதான் இங்கே அதிகம் நடக்கிறது.

காரணம், கணக்கெடுக்கும் விதம். வாழையை எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டில் நாலைந்து நாள் தண்ணீர் நின்று வடிந்த மறுநாள் பார்த்தால் இலை பச்சையாகவே இருக்கும். வேர் அழுகி, இலை மஞ்சளித்து, தண்டு சாய்வது அதற்குப் பிறகு. முதல் நாளே வந்து பார்த்தவர் சேதம் இல்லை என்று எழுதிவிட்டுப் போனால் அதோடு முடிந்தது. அதனால் தண்ணீர் நிற்கும்போது ஒரு படம், வடிந்ததும் ஒரு படம், ஒரு வாரம் கழித்து ஒரு படம் என்று தேதி தெரியும்படி எடுத்து வையுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமும் தோட்டக்கலைத் துறையிலும் எழுத்தில் கொடுத்து மறு ஆய்வு கேளுங்கள். மாடு செத்தால் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும்; அது இல்லாமல் பணம் வராது.

இன்னொன்று பாட்டம், அதாவது குத்தகை. குளத்தடி வயலைப் பாட்டத்துக்கு எடுத்து வாழை, மரச்சீனி வைப்பவர்கள் இங்கே ஏராளம். தேவஸ்வம் நிலத்தில் பயிர் செய்பவர்களும் உண்டு. பட்டா ஒருவர் பெயரில் இருக்கும், உழைப்பும் கடனும் இன்னொருவருடையவை. கிராமத்தின் சாகுபடிக் கணக்கான அடங்கலில் சாகுபடியாளர் பெயர் ஏறாவிட்டால் நிவாரணப் பட்டியலிலும் ஏறாது. குத்தகை உரிமைப் பதிவுக்கு 1969ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. நில உரிமையாளர்கள் பயப்படுவதால் பெரும்பாலான பாட்டங்கள் வாய்மொழியாகவே நடக்கின்றன. குறைந்தபட்சம், பயிர் வைத்த மாதத்திலேயே கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து அடங்கலில் உங்கள் பெயரைச் சாகுபடியாளராக எழுதச் சொல்லுங்கள். வெள்ளம் வந்த பிறகு அதை எழுதவைப்பது மிகவும் கடினம்.

பயிர்க் காப்பீடு செய்திருந்தால் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், எண் 14447. உங்கள் பயிரும் கிராமமும் அந்தப் பருவத்துக்கு அறிவிக்கப்பட்டிருக்கின்றனவா என்பதை விதைக்கும்போதே வேளாண்மை அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நிவாரணம் வழங்குவதில் சாதி, மதம், பால், சமூகம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005இன் 61ஆம் பிரிவு சொல்கிறது. முகாமிலோ பட்டியலிலோ ஒதுக்கப்பட்டால், மாவட்டப் பேரிடர் ஆணையத்தின் தலைவரான ஆட்சியரிடம் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டே மனு எழுதுங்கள். அதே சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி பொய்க் கணக்குக் காட்டி நிவாரணம் வாங்குவது இரண்டு ஆண்டு வரை சிறை கிடைக்கும் குற்றம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று இல்லாத சேதத்தை எழுதாதீர்கள்.

ஐப்பசி பிறக்கும் முன் உங்கள் ஊர்க் குளத்தின் சர்வே எண், உங்கள் வயலின் அடங்கல், பட்டா நகல், காப்பீட்டு ரசீது ஆகியவற்றை எடுத்துத் தண்ணீர் புகாத உறையில் போட்டு வையுங்கள். பக்கத்தில் பாட்டத்துக்குப் பயிர் வைத்திருப்பவருக்கு இதைச் சொல்லி, அவரையும் கையோடு கிராம நிர்வாக அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள்.