வீட்டுப் பள்ளியும் கணக்குப் புத்தகமும்



உங்கள் பள்ளியில் எந்தக் கணக்குப் புத்தகத்தைப் படிப்பது என்று முடிவு செய்யும் பொறுப்பு உங்களுக்கும் இல்லை. உங்கள் பெற்றோருக்கும் இல்லை. அறிஞர் குழு எழுதுகிறது; ஆசிரியர் நடத்துகிறார்; நீங்கள் படிக்கிறீர்கள். கணக்கு ஆசிரியனாகவும் தலைமை ஆசிரியனாகவும் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்த எனக்கும், ஒரு புத்தகம் பிடிக்கவில்லை என்று அதனைத் தள்ளிவிட்டு வேறொன்றைக் கைக்கொள்ளும் உரிமை ஒருநாளும் வாய்த்ததில்லை. ஆனால் அவ்வுரிமை முழுவதும் தாய் தந்தையர் கையில் இருக்கும் இடம் ஒன்று உண்டு. அதனால் வரும் நன்மையையும் தொல்லையையும் என் குடும்பத்திலேயே கண்டேன். மாலை நேரத்தில் தம்பி தங்கையர்க்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் உங்களுக்கும், ஒரு பாடத்திட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும் மாணவர்க்கும் அது பயன்படக்கூடும் என்றே இன்று பேச வந்தேன்.

அமெரிக்க நாட்டில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பெற்றோர் கற்பிக்கலாம். 1993ஆம் ஆண்டளவில் அந்நாட்டின் ஐம்பது மாநிலங்களிலும் இது சட்டப்படி ஒப்புக்கொள்ளப்பட்டது. விதிகள் இடத்துக்கு இடம் மாறும். நியூயார்க் மாநிலத்தில் பாடத்திட்டத்தை முன்னதாகவே எழுதிக் கொடுத்து, காலாண்டுதோறும் அறிக்கையும் அனுப்ப வேண்டும். டெக்சாஸ் மாநிலத்திலோ வீட்டில் கற்பிக்கிறோம் என்று அரசுக்குத் தெரிவிக்கும் கடமைகூட இல்லை. எந்தப் பாடநூலை வாங்குவது என்பதைப் பெரும்பாலும் பெற்றோரே முடிவு செய்கின்றனர். நூல்களோ பலப்பல. அவற்றுள் எதிரெதிர்ப் போக்குடைய இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஜான் சாக்சன் என்பவர் விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஒரு கல்லூரியில் இயற்கணிதம் கற்பித்தார். சென்ற மாதம் கற்றதை மாணவர் இந்த மாதம் மறந்துவிடுவதைக் கண்டு மனம் நொந்து, தாமே நூல் எழுதி, 1981இல் பதிப்பகமும் தொடங்கினார். அவருடைய முறையில் ஒரு பாடத்துக்குப் புதிதாக வருவது சிறிய ஒரு படியே. அதன்பின் ஏறத்தாழ முப்பது கணக்குகள்; அவற்றுள் புதுப் பாடத்தைச் சார்ந்தவை சில, எஞ்சியவை முன்பு படித்தவை. மறக்க இடமே தராத முறை அது.

மற்றொன்று, தமிழும் ஆட்சிமொழியாக விளங்கும் சிங்கப்பூரில் பிறந்தது. அங்கு அரசு தன் தொடக்கப் பள்ளிகளுக்காக 1980களில் ஆக்கிய கணக்கு நூல்கள், ஒரே பொருளில் நெடிது நின்று அதனை ஆழப் புகட்டுவன. முதலில் கையால் தொட்டறியும் பொருள், அடுத்துப் படம், இறுதியிலேதான் எண்ணும் குறியும். 1995இல் பல நாட்டு மாணவர்க்கு நடந்த கணக்குத் தேர்வில் சிங்கப்பூர் முதலிடம் பெறவே, அமெரிக்கப் பெற்றோர் பலர் அந்நூல்களை நாடினர்.

இனி என் கதைக்கு வருகிறேன். என் மகள் அந்நாட்டில் தன் பெண்ணுக்கு வீட்டிலேயே கற்பித்து வந்தாள். முதல் போக்கைச் சேர்ந்த ஒரு நூலை நான்கு ஆண்டுகள் நடத்தினாள். பத்து வயதில், நாளும் முப்பது கணக்கா என்று குழந்தை அழத் தொடங்கினாள். “என்ன செய்யட்டும், அப்பா?” என்று மகள் தொலைபேசியில் கேட்டாள். சிங்கப்பூர்ப் போக்கிலான நூல்களைப் படித்து வியந்திருந்த நான், “உடனே மாற்றிவிடு, அம்மா” என்று சொல்லிவிட்டேன். குழந்தை எந்தக் கணக்கில் தடுமாறுகிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நவம்பர் மாதம், நடு ஆண்டில், அவள் வயதுக்குரிய ஐந்தாம் வகுப்பு நூல் வாங்கப்பட்டது. ஜனவரியில் மீண்டும் அழுகை. இம்முறை, “எனக்குக் கணக்கு வராது” என்று சொல்லவும் ஆரம்பித்துவிட்டாள். ஆயிரக்கணக்கான பிள்ளைகளிடம் இந்த வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன்; என் பேச்சால் விளைந்து என் பேத்தியின் வாயிலிருந்து வந்தபோதுதான் அதன் சுமை தெரிந்தது.

அதன் பின்னரே காணொளியில் அவளைப் பார்த்துக் கணக்குக் கேட்டேன். ஒரு பெண் தன் பணத்தில் ஐந்தில் இரண்டு பங்கைச் செலவிட்டாள். மீதி 36 டாலர். முதலில் இருந்தது எவ்வளவு? பேத்தி 36ஐ இரண்டால் பெருக்கி ஐந்தால் வகுத்து, 14 2/5 என்றாள். செலவு போக மீதியே 36 இருக்க, முதலில் இருந்தது அதற்கும் குறைவாக எப்படி இருக்கும் என்ற ஐயம் அவளுக்கு எழவேயில்லை. புது நூலில் வளர்ந்த பிள்ளையாயின், நீண்ட பட்டை ஒன்றை வரைந்து ஐந்து கட்டமாக்கியிருக்கும். எஞ்சிய மூன்று கட்டம் 36. ஆகவே ஒரு கட்டம் 12. ஐந்தும் சேர்ந்து 60. அப்பட்டையை வரையப் பழகும் பாடங்கள் கீழ் வகுப்பு நூல்களிலேயே வந்துவிட்டன. அவற்றை இவள் கண்டதில்லை.

முக்காலை அரைக்காலால் வகுக்கச் சொன்னேன். தலைகீழாக்கிப் பெருக்கி, நொடியில் ஆறு என்றாள். “ஆறு என்றால் ஆறு என்ன, கண்ணு?” என்றேன். விழித்தாள். அவள் அம்மாவிடம் ஒரு தோசை வார்க்கச் சொல்லி, நான்காக வெட்டி ஒரு கால் பங்கை எடுத்துவிட்டு, எஞ்சிய ஒவ்வொரு காலையும் பாதியாக்கச் சொன்னேன். காலில் அரை, அரைக்கால்; நம் மொழியில் பெயரே பாடம் நடத்திவிடுகிறது. துண்டுகளை எண்ணிவிட்டு, “அந்த ஆறு இதுதானா, தாத்தா?” என்று கேட்டாள்.

ஆக, முதல் நூல் கெட்டதன்று, இரண்டாவதும் கெட்டதன்று. முதலாவது அவளுக்குக் கைவேகம் தந்திருந்தது. கோளாறு இரண்டுக்கும் இடையே இருந்தது. ஒவ்வொரு நூலும் பாடங்களைத் தனக்கென ஒரு வரிசையில் வைக்கிறது. நடுவில் தாவும் பிள்ளை, பழைய நூல் பின்னால் வைத்ததையும் புது நூல் முன்பே முடித்துவிட்டதையும் ஒருசேர இழந்துவிடுகிறது. இதற்காகவே பதிப்பாளர் பலர் நிலையறியும் தேர்வுத் தாள்களை அளிக்கின்றனர். அட்டையில் உள்ள வகுப்பு எண்ணைப் பாராமல், அத்தாள் காட்டும் இடத்தில் புக வேண்டும். பேத்திக்கு அது நான்காம் வகுப்பின் பிற்பாதி என்றது. “பின்னோக்கிப் போவதா, அப்பா?” என்று மகள் தயங்கினாள். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில் பெனசெட் என்ற கல்வி அதிகாரி 1929 முதல் சில வகுப்புகளில் முறையான கணக்குப் பாடத்தை ஆறாம் வகுப்பு வரை தள்ளி வைத்ததையும், அப்பிள்ளைகள் ஓராண்டுக்குள் மற்றவர்க்கு ஈடாக வந்ததையும் அவளுக்குச் சொன்னேன். பிறகே இசைந்தாள். பழைய நூலிலிருந்து நாளுக்குப் பத்துக் கலப்புக் கணக்குகளை மட்டும் கைவிடாமல் தொடரச் சொன்னேன். புது நூலில் திரும்பப் பார்க்கும் பயிற்சி குறைவு. அடுத்த டிசம்பரில் ஐந்தாம் வகுப்பு நூலையும் முடித்துவிட்டாள்.

மாற்றவே கூடாதோ என்று கேட்பீர்கள். விடை சரியாகவும் காரணம் வெறுமையாகவும் இருந்தால் மாற்றலாம். கற்பிக்கும் தாய்க்கே நூலின் போக்குப் புரியாவிடினும் மாற்றலாம். பட்டை வரையும் முறைக்கு விளங்கிய ஆசிரியர் அருகில் வேண்டும், சிறு படியாக ஏறும் நூலை வளர்ந்த பிள்ளை தானே படித்துக்கொள்ளும். கணக்கு மிகுதி என்று அழுதால் முப்பதைப் பதினைந்தாக்கினால் போதும். அதற்கு நூலை மாற்றுவது, செருப்புக் கடிக்கிறது என்று ஊரை மாற்றுவது போலாகும்.

பேத்திக்கு இப்போது வயது பதின்மூன்று, இயற்கணிதம் தொடங்கியிருக்கிறாள். சென்ற மாதம் மகள் மீண்டும் அழைத்து, வேறு நூல் வாங்கலாமா என்றாள். நான் எந்த நூலின் பெயரையும் சொல்லவில்லை. பேத்தி பிழையாகச் செய்த தாள்களை அனுப்பச் சொன்னேன். பதினொரு தாள்கள் வந்தன. ஏழில் ஒரே பிழை: அடைப்புக்குறிக்கு முன் நிற்கும் கழித்தல் குறியை உள்ளே இருக்கும் இரண்டாம் உறுப்புக்கும் கொண்டு செல்ல மறந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காணொளியில் அதைப் பார்க்கப் போகிறோம்.